இலங்கையின் வன்னியில் மறதிநோய் ஆய்வு: வீட்டுக்குப் போய் மதிப்பிடுவது எப்படி

பள்ளிக்கூடமே போகாத, நினைவில் ஒரு குறையும் இல்லாத ஓர் ஆச்சிக்கு எம்.எம்.எஸ்.ஈ. என்ற, நினைவையும் சிந்தனையையும் அளக்கும் 30 புள்ளிச் சோதனையை அப்படியே வைத்துப் பாருங்கள். வாசிக்க 1, வசனம் எழுத 1, ஐங்கோணம் கீற 1, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5. இந்த எட்டும் போனால் மிஞ்சுவது 22. வழக்கமான வெட்டுப்புள்ளி 24. நல்ல நினைவோடு இருப்பவரைத் தாள் நோயாளி ஆக்கிவிடும்.

ஆகவே எழுத்தறிவு வேண்டாத முறையை எடுங்கள். வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராய 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக்குழுவின் முறை மூன்று பங்குகள் கொண்டது: முதியவருக்கான சோதனை, அவரை நன்கு அறிந்தவரோடு தனிப் பேச்சு, மனநிலை பற்றிய நேர்காணல். மூன்றையும் சேர்த்தே முடிவு. கேள்விகளை ஊருக்கு ஏற்றபடி மாற்றுவதென்றால் ஆய்வு தொடங்க முன்னரே மாற்றி, சிலரிடம் பரீட்சித்து, பிறகு எல்லாருக்கும் ஒரே சொற்களையே பாவியுங்கள். நடுவில் மாற்றினால் புள்ளிகளை ஒப்பிட முடியாது.

அறுவடை நாட்களில் போக வேண்டாம். காலை 8 முதல் 11 வரை நல்ல நேரம். மதிய வெக்கையில் களைப்பும் மறதியும் ஒன்றுபோலத் தெரியும். முதல் வார்த்தையாக, "இது நிவாரணப் பதிவு இல்லை" என்று சொல்லுங்கள். போரில் இடப்பெயர்வுக் காலத்தில் எத்தனையோ தரம் பதியப்பட்ட சனம். உதவி வரும் என்று நினைத்தால் குறையைக் கூட்டிச் சொல்வார்கள், பயந்தால் மறைப்பார்கள். விளக்கியதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அவரால் முடியாவிட்டால் குடும்பத்தவரின் சம்மதம் வேண்டும். அப்போதும் முதியவர் தலையாட்டி மறுத்தால் அதோடு நிறுத்துங்கள்.

வயதை அடையாள அட்டையை மட்டும் வைத்து எழுதாதீர்கள், குத்துமதிப்பான பதிவுகள் உண்டு. "64 மார்கழிப் புயலுக்கு நீங்கள் எவ்வளவு பெடிச்சி?" என்று கேட்டால் ஒரு கணக்கு வரும்.

சோதனைக்கு முன் காதைப் பாருங்கள். பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று மெல்லக் குசுகுசுத்த சொல்லைத் திருப்பிச் சொல்கிறாரா? கேட்காத சொல்லை யாரும் நினைவில் வைக்க முடியாது. பிறகு பத்துச் சொற்கள், இரண்டு வினாடிக்கு ஒன்றாக, மூன்று தரம். வேறு கேள்விகளில் சில நிமிடம் போனபின் திரும்பக் கேளுங்கள். கற்றது அதற்குள் அழிந்துபோவதுதான் அல்சைமரில் முதலில் தெரிவது, புது நினைவைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே பழுதாவதால். முல்லைத்தீவில் 'கடற்கரை' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போரையும் சுனாமியையும் அங்கே கண்ட பலருக்கு அது வெறும் சொல் அல்ல. அறுபது வினாடியில் மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னால் மரை, குழுமாடு என்று வரும். எழுதுபவருக்குத் தெரியாத பெயர் என்பதற்காகப் புள்ளியை வெட்ட வேண்டாம்.

மிகவும் கவனமாகக் கேட்க வேண்டியது, "எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வி. சிலர் "அஞ்சு" என்று தொடங்கி நிறுத்தி, "மூண்டு" என்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை எந்தக் கணக்கில் வைப்பதென்று அந்தத் தாய் தடுமாறுகிறார். அதைப் பிழையென்று குறிக்கக் கூடாது. பேனையை வைத்துவிட்டு இருங்கள். அவர் கதைத்தால் கேளுங்கள். துக்கமும் மனச்சோர்வும் கவனத்தைக் குலைத்து, நினைவுப் புள்ளியையும் இறக்கிவிடும்.

மகளிடமோ மருமகளிடமோ முதியவர் கேட்காத இடத்தில் கதையுங்கள், இல்லாவிட்டால் அவருக்காக இவர்களே பதில் சொல்வார்கள். பத்து வருசத்துக்கு முந்தி எப்படி இருந்தார், இப்போது எப்படி என்பதே கேள்வி. "அறளை பேர்ந்திட்டுது" (வயதால் புத்தி தடுமாறிவிட்டது) என்று சொன்னால் அதில் நிற்காதீர்கள். கறிக்கு உப்பு இரண்டு தரம் போடுகிறாரா, குளத்தடிக்குப் போய் வழி மாறுகிறாரா? சமைப்பதில்லை என்றால், ஏலாமலா, விடாமலா என்று பிரித்துக் கேளுங்கள்.

மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். குளோர்பெனிரமின் போன்ற சளி, ஒவ்வாமைக் குளிசைகள் முதியவர்களின் நினைவைக் குழப்பும். தைரொயிட் குறைவும் பி12 குறைவும் சிகிச்சைக்கு இணங்கும் காரணங்கள்.

இரத்தத்தில் அல்சைமரைக் காட்டும் பி-டௌ217 என்ற புரதத்தை அளப்பதானால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்து அளக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானால் அந்தப் புரதம் இரத்தத்தில் கூடும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் இருப்பதால் இதைத் தவறவிட்டால் முழுத் தரவும் வளையும். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப முன், "உடம்பில செல் துண்டு இருக்கோ?" என்று, அதாவது எறிகணைச் சிதறல் பற்றி, கட்டாயம் கேளுங்கள். காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும். ஐயம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. துண்டு இருந்தால் சி.டி.

புள்ளி குறைந்த எவருக்கும் வாசலில் நோயின் பெயர் சொல்லாதீர்கள். திகதி, கண்டவை, பார்க்க வேண்டிய சோதனைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கூட இருப்பவரின் கையில் கொடுங்கள்.