பவர் பேங்க் தானாக அணையாமல் இருக்க

இயர்பட்ஸ், தலைவிளக்கு மாதிரி சின்ன சாமான்களைச் செருகினால் பவர் பேங்க் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறதா? அதன் பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்துங்கள். சிலவற்றில் இரண்டு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அணையாமல் சில மணி நேரம் ஓடும். அந்த வசதி இல்லையென்றால் இன்னொரு போர்ட்டில் ஒரு வாட் யூஎஸ்பி விளக்கைச் செருகிவிடுங்கள்.

வெளியே போகும் மின்னோட்டம் சுமார் 50–100 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால், வேலை முடிந்தது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் அணைந்துவிடும். சார்ஜ் ஏறும் சாமானின் பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் கரண்ட் போன ராத்திரியில் சார்ஜ் போட்ட தலைவிளக்கு முழுதாக ஏறாமல் நிற்க இதுவும் ஒரு காரணம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. கூடுதல் விளக்கு தனியாகவே 200 மில்லி ஆம்பியர் எடுப்பதால் பவர் பேங்க் விழித்தே இருக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அந்த விளக்கை மட்டும் ஒரு நாளுக்கு மேல் எரிக்கும், அதனால் சார்ஜ் வீணாகுமே என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாகக் கவனிக்கும் பவர் பேங்கில் விளக்கு வழி பலிக்காது. போனுக்கு இது எதுவும் தேவையில்லை.