டிரஃபால்கர் சதுக்கத்தின் நாலாவது பீடம்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

2019-இல் லண்டன் வந்திறங்கிய சித்தி, மறுநாளே நீலச் சேவலைப் பார்க்க வேண்டும் என்றார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய படம்: டிரஃபால்கர் சதுக்கத்தில், பீடத்தின் மேல், மாடி உயரத்துக்கு ஒரு நீலச் சேவல். "சித்தி, அந்தச் சேவல் பறந்துபோய் நாலு வருஷம் ஆச்சு" என்றேன்.

"அப்ப அங்க இப்ப என்னதான் இருக்கு?"

கிளம்பும் முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கேட்பதில்லை. கத்தரினா ஃபிரிட்ஷ் செய்த அந்தச் சேவல் 2013 முதல் 2015 வரைதான் அங்கே நின்றது. இப்போது அது வாஷிங்டனில், நேஷனல் காலரி ஆஃப் ஆர்ட்டின் மொட்டைமாடியில் இருக்கிறது. சதுக்கத்தின் மூலைகளில் நாலு பீடங்கள். அதில் இந்த நாலாவது பீடத்தில் எதுவும் நிரந்தரமாக நிற்பதில்லை. 1841-இல் நாலாம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காகக் கட்டியது. பணம் சேரவில்லை, சிலை வரவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் 1999-இல்தான் முதல் கலைப்படைப்பு ஏறியது. இப்போது ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒன்று மாறுகிறது. பழைய படத்தை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மாற்றும் சமயத்தில் போனால் சாரம் கட்டிய பீடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். லண்டன் மாநகர நிர்வாகத்தின் இணையதளத்தில் எது இருக்கிறது, எதுவரை இருக்கும் என்று போட்டிருப்பார்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்த தவறு, நேராகக் கடற்படைத் தளபதி நெல்சனின் தூணுக்குப் போய், சிங்கத்தோடு படமெடுத்துவிட்டு "பார்த்தாச்சு" என்று கிளம்புவது. நேஷனல் காலரியைப் பார்த்தபடி நின்றால் இடது கைப்பக்க மூலையில் இருப்பதுதான் நாலாவது பீடம்.

கண்டுபிடித்தவர்களும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, முதுகைக் காட்டி ஒரு செல்ஃபி எடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். கோயிலில் பிராகாரம் சுற்றுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு படியேறி காலரி வாசலுக்குப் போங்கள். அந்தத் தளம் உயரமானது. கீழே இருந்து தெரியாதது அங்கிருந்து தெரியும்.

நாங்கள் போனபோது மைக்கேல் ராகோவிட்ஸ் செய்த லமாசு நின்றது. மனிதத் தலை, காளை உடல், இறக்கை. ஈராக்கின் நினெவே நகர வாசலில் சுமார் 2,700 ஆண்டுகள் நின்ற காவல் உருவம். 2015-இல் ஐஎஸ் அமைப்பு உடைத்துப் போட்டது. கீழே நின்ற சித்திக்கு அது பளபளவென்று ஏதோ வண்ணச் சிலை, அவ்வளவுதான். மேலே போய் ஐந்து நிமிடம் பார்த்த பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், இது டப்பாடா! நல்லெண்ணெய் டப்பா மாதிரி!" தகரத்தில் அச்சடித்த எழுத்தும் படமும் அப்போதுதான் எனக்கும் உறைத்தன. 10,500 காலி டப்பாக்கள், ஈராக்கிய பேரீச்சம்பழப் பாகு அடைத்து வந்தவை. போர்கள் சிலையை மட்டுமா அழித்தன, அந்தத் தொழிலையும்தான். டப்பாவைக் கவனிக்காதவருக்கு அந்தப் பாதிக் கதை போய்விடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, மற்ற மூன்று பீடங்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவது. நாலாவதில் ஏறுபவை பெரும்பாலும் அவற்றுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுபவை. ஒன்றில் நாலாம் ஜார்ஜ் மன்னர், குதிரை மேல். இன்னொன்றில் சிந்து மாகாணத்தைப் பிடித்த ஆங்கிலத் தளபதி நேப்பியர். மூன்றாவதில் 1857-இல் கான்பூர், லக்னோ போர்களை நடத்திய ஹேவ்லாக். அந்தப் படையெடுப்பில் அவரோடு போனவர்தான் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைத்தலைவர் நீல். அந்த நீலின் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி ஆட்சியில் அது மியூசியத்துக்குள் போனது. ஹேவ்லாக் மட்டும் இங்கே அசையாமல் நிற்கிறார். 2000-இல் மேயர் கென் லிவிங்ஸ்டன், நேப்பியர், ஹேவ்லாக் என்ற இந்த இரண்டு தளபதிகளும் யாரென்றே தெரியாது, எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

இவர்களைப் பார்த்துவிட்டு நாலாவதற்கு வந்தால்தான் விஷயம் பிடிபடும். ஹான்ஸ் ஹாக்கே 2015-இல் வைத்தது ஆள் ஏறாத குதிரை எலும்புக்கூடு. வராமல் போன வில்லியமின் குதிரைக்கு அது பதில். முன்னங்காலில் கட்டிய ரிப்பனில் லண்டன் பங்குச்சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. 2022-இல் சாம்சன் கம்பாலு, மலாவியில் காலனி ஆட்சியை எதிர்த்த ஜான் சிலெம்ப்வேயைத் தொப்பியோடு நிறுத்தினார். வெள்ளைக்காரர் எதிரில் ஆப்பிரிக்கர் தொப்பி போடக் கூடாது என்றிருந்த காலம் அது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரை விட அவர் மிகப் பெரிய உருவம்.

சிதைந்திருப்பதைப் பார்த்ததும் "பராமரிப்பே சரியில்லை" என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2024 செப்டம்பரில் தெரெசா மார்கோயெஸ் வைத்தது, 726 திருநர், பாலினக் கட்டுக்குள் அடங்காதோர் ஆகியோரின் முகங்களில் நேரடியாக எடுத்த சாந்து அச்சுகள். மழையில் கரைந்து மங்கட்டும் என்றேதான் வைத்தார். அப்படிப்பட்டதை முடிந்தால் இரண்டு முறை பாருங்கள், சில மாத இடைவெளியில்.

சில்லறை விஷயங்கள்: கட்டணம் கிடையாது. தீபாவளி விழா, பேரணி நாட்களில் மேடையும் தடுப்பும் போட்டுவிடுவார்கள், ஆற அமரப் பார்க்க முடியாது. வாரநாள் காலையில் போங்கள். புறாவுக்குத் தீனி போடுவது 2003 முதல் தடை. சிங்கத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வழவழ வெண்கலம், மழை நாளில் வழுக்கும்.

தவறவிட்டது போயே போய்விட்டது என்று நினைப்பதும் சரியில்லை. யின்கா ஷோனிபாரேயின் பாட்டிலுக்குள் நெல்சன் கப்பல் 2010-இல் பீடம் ஏறியது. மக்களிடம் நிதி திரட்டி வாங்கி, கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் வெளியே வைத்துவிட்டார்கள். சேவல் கிடைக்காத சித்தியை அங்கே கூட்டிப்போனேன். கப்பலின் 37 பாய்களும் பூப்போட்ட பாத்திக் துணி. இந்தோனேசிய வேலைப்பாட்டைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அடித்து, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற ரகம். சித்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உங்க சித்தப்பா கைலி ஒண்ணு அச்சு அசல் இதே டிசைன்டா" என்றார்.