சோடியம் எம்.ஆர்.ஐ காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலோ மருத்துவமோ தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வழமையான எம்.ஆர்.ஐ ஐதரசனைப் பார்ப்பது. சோடியம் எம்.ஆர்.ஐ இழையத்தில் சோடியத்தின் செறிவை எண்ணாகத் தருவது. சோடியத்துக்கு வேறு மீடிறனில் இயங்கும் சுருள் வேண்டும்: 3 ரெஸ்லா காந்தப்புலத்தில் ஐதரசனுக்குச் சுமார் 128 மெகாஹேர்ட்ஸ், சோடியத்துக்கு 34.

நலமான கலத்தினுள் சோடியம் லீற்றருக்கு 10–15 மில்லிமோல். கலத்துக்கு வெளியே 140 அளவில். பாரிசவாதத்தில், சோடியத்தை வெளியே தள்ளும் கலத்தின் பம்பி தளர, உள்ளே சோடியம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தை எண்ணாகச் சொல்வதற்கு முன் அளவீட்டைச் சோதித்தாக வேண்டும்.

முதலில் நியமக் குழாய்கள், அதாவது செறிவு தெரிந்த உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்கள். லீற்றருக்கு 2.92 கிராம் சோடியம் குளோரைட்டு சேர்த்தால் 50 மில்லிமோல், 5.84 கிராம் சேர்த்தால் 100. ஆய்வுகூடத் தூய உப்பையே நிறுங்கள். ஆனையிறவு உப்பு கறிக்கு அருமையானது, ஆனால் அதிலுள்ள ஈரமும் மக்னீசியமும் நிறையைப் பிழைக்கவைக்கும். கரைசலை அகார் சேர்த்துக் கூழாக்கினால் சைகை இழையத்தைப் போலத் தேயும்.

அடுத்து, குழாய்களைத் தலையருகே வைத்துப் படம் எடுங்கள். இழையத்தில் சோடியச் சைகையின் பெரும்பகுதி சில மில்லிசெக்கன்களில் மறைந்துவிடும். ஆகவே எதிரொலி நேரம் (துடிப்பைக் கொடுத்ததிலிருந்து சைகையைப் பதியும்வரை உள்ள நேரம்) 0.5 மில்லிசெக்கனுக்குக் கீழே இருக்கட்டும். பிறகு குழாய்களின் சைகைக்கு நேர்கோடு வரைந்து, மூளையின் சைகையைச் செறிவாக மாற்றுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, மறுபடி படுக்கவைத்து, எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள். எழுப்பாமல் எடுத்தால் தலை வைக்கும் வேறுபாடு கணக்கில் வராது, முடிவு பொய்யாக அழகாயிருக்கும். பயிற்சிக்கு நான்கு பேரில் இரண்டு அளவீடுகளுக்கும் இடையிலான வித்தியாசங்களை, லீற்றருக்கு மில்லிமோலில், 2, −1, 3, −2 என்று கொள்வோம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 18. ஆட்களின் எண்ணிக்கையின் இருமடங்கான 8ஆல் பிரித்தால் 2.25, வர்க்கமூலம் 1.5. இதுவே ஒரே ஆளுக்குள் வரும் நியம விலகல். இடை 40 என்றால் மாறற் குணகம், அதாவது இடையின் சதவீதமாக நியம விலகல், 3.75%.

குணகம் சிறிதாக வந்தாலும் மூளையின் ஓரங்களைத் தனியே பாருங்கள். சோடியப் படத்தை ஆக்கும் சிறு பெட்டிகள் 3–4 மில்லிமீற்றர் அகலமானவை. மூளையைச் சூழ்ந்த திரவமான மூளைய முண்ணாண் பாய்பொருளின் 140, பக்கத்திலுள்ள மேற்பட்டையின் (மூளையின் வெளிப்படை) எண்ணுக்குள் கலந்துவிடும். மூளை சுருங்கிய முதியவரில் இரண்டு முறையும் ஒரே உயர்ந்த எண் வரும். இரண்டு முறையும் அது பிழை. ஐதரசன் படத்தை வைத்து இதைத் திருத்த வேண்டும்.

கடைசியாக 1.5ஐ 2.77ஆல் (1.96 × √2) பெருக்குங்கள்: 4.2 வரும். ஒரே ஆளின் இரண்டு அளவீடுகள் வெறும் அளவீட்டுப் பிழையாலேயே 100க்கு 95 முறை இந்த எல்லைக்குள் வேறுபடலாம். ஒருவரின் எண் 40இலிருந்து 43க்கு ஏறினால், அதை நோயின் மாற்றமென்று எழுத இந்த அளவீட்டுக்குத் தகுதியில்லை.