வெயில் தாங்கும் மாட்டை முடியை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி

மாடு வாங்கப் போனால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது முடியைத்தான். பால், எடையெல்லாம் அப்புறம். இது பிரிட்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் போன்ஸ்மா காட்டிய வழி. தென்னாப்பிரிக்காவின் மாரா ஆய்வுப் பண்ணையில், உள்ளூர் ஆஃப்ரிகானர் மாட்டோடு ஹியர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் இனங்களைக் கலந்து போன்ஸ்மாரா இனத்தை உருவாக்கிய அருமையான மனிதர் அவர்.

கொஞ்சம் முடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உருட்டித் தேயுங்கள். பின்னிக்கொண்டு கம்பளிபோல இறுகினால், அந்த மாடு வெயிலில் இளைக்கும். மேயாமல் நிழலைத் தேடும். முடி உதிரியாகவே நின்றால் தைரியமாக வாங்கலாம்.

குளிர்காலத்தில் சோதிக்காதீர்கள், அப்போது முடி அடர்ந்திருக்கும். கோடை தொடங்கியதும் சீக்கிரம் முடி உதிர்த்து வழவழப்பாகும் கிடேரியைக் குறித்து வையுங்கள். இனப்பெருக்கத்துக்கு அதுதான் சரி.