ஒரு தெருவிலிருந்து தொடங்குதல்: பழைய ஊரின் எதிர்காலத்தை அங்கு வாழ்பவர்களோடு சேர்ந்து திட்டமிடும் முறை

பழைய ஊர் ஒன்றுக்கு வளர்ச்சித் திட்டம் வகுக்கும்போது, அங்கு குடியிருப்பவர்களைக் கடைசியில் அழைப்பதே வழக்கமாக இருக்கிறது. வரைபடம் முடிந்து, மதிப்பீடும் போட்ட பிறகு கூட்டப்படும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், எதிர்ப்பதா பேசாமல் இருப்பதா என்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருப்பதில்லை. முதல் கோடு போடுவதற்கு முன்பே அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் கையிலெடுக்காமல் ஒரு தெருவிலிருந்து தொடங்க வேண்டும். நகராட்சியினரும் கட்டடக் கலைஞர்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதைச் செய்யும் முறையைப் புதுச்சேரியை முன்வைத்து எழுதுகிறேன்.

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியையும் அதற்கு மேற்கேயுள்ள தமிழ்ப் பகுதியையும் பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகள் தெருவோரத் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, உள்ளே முற்றம் என்ற அமைப்பில் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. அவற்றில் ஒன்றை இடித்தாலும் தெருவின் வரிசையே முறிந்துவிடும். ஐரோப்பிய, ஆசிய நகரங்கள் இணைந்து செயல்படுவதற்காக ஐரோப்பிய ஆணையம் நிதியளித்த ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களின் துணையோடு, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு இங்குள்ள வைசியாள் வீதியை மாதிரித் தெருவாக எடுத்துச் சீரமைத்தது. முகப்பைப் புதுப்பிக்கும் செலவைத் திட்டமும் வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொண்டனர். 2008இல் அந்தத் தெரு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. விருதைவிட அந்தச் செலவுப் பகிர்வையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தன் பங்கைச் செலுத்தும் வீட்டுக்காரர் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் கேள்வி கேட்பார், முடிந்தபின் அதைப் பேணவும் செய்வார்.

தெருவைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரிலேயே அழகான தெருவைத் தேட வேண்டியதில்லை. பழைய வீடுகளில் பாதியாவது நிற்கும், குடும்பங்களும் சிறு கடைகளும் இன்னும் இருக்கும் தெரு போதும்.

பிறகு, வீட்டு எண்களையும் பெயர்களையும் தமிழில் எழுதிய பெரிய தெருப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் அங்கு வாழ்பவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். எதைக் குறிப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். கட்டடக் கலைஞர் தூணின் வேலைப்பாட்டைப் பார்க்கும் இடத்தில், அங்கேயே வாழ்ந்து மூத்த ஒருவர் மழைநீர் தேங்கும் மூலையையும், சாமி புறப்பாடு நின்று செல்லும் வாசலையும், மூடப்பட்ட கிணற்றையும் காட்டுவார். திட்டத்துக்கு இரண்டும் வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், திண்ணையில் பூ விற்பவர், இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோர் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதால், அவர்கள் இருக்கும் இடத்துக்கே சென்று கேட்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் வீட்டுக்குள் விரிவாகப் பேசுவார்கள். குடும்பப் புகைப்படங்களையும் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் எடுத்த பழைய திருமணப் படங்களில் மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தூணும் கதவும், மறைந்துபோன முகப்பை மீட்பதற்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சான்று.

இந்தப் பணியின் கடினமான பகுதி வீட்டை இடிக்க எண்ணியிருப்பவரிடம் பேசுவது. அவரிடம் பாரம்பரியத்தின் பெருமையை விளக்குவது பயன் தராது. ஏன் இடிக்க நினைக்கிறார் என்று கேட்பதே சரியான தொடக்கம். கூரை ஒழுகுகிறது, உடன்பிறந்தவர்களுக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, முதியவர்களுக்குக் கழிப்பறை தூரமாக இருக்கிறது என்பவை போன்ற காரணங்களே வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேட வேண்டும். பாகப்பிரிவினைக்கு வழக்கறிஞரையும் நிலஅளவையரையும் தெருவுக்கே அழைத்து ஒருநாள் ஆலோசனை தரலாம். கூரையைப் பொறுத்தவரை, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மாடித் தளம் மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்திய அமைப்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உதிர்ந்து, மரம் மெல்ல உளுத்துப்போகும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, அனுபவமுள்ள ஒரு கொத்தனாரைக் கொண்டு, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவையை ஒரு வீட்டுச் சுவரில் எல்லோர் முன்னிலையிலும் பூசிக் காட்டுவது மேல்.

வடிவமைப்புக் கூட்டத்தைத் தெருவிலேயே, ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ நடத்துங்கள். கட்டடக் கலைஞர் மக்கள் கண்முன்னே வரைய வேண்டும். நடைபாதை எவ்வளவு அகலம், கடைப் பெயர்ப்பலகை எந்த உயரம், புதிய மாடி முகப்பிலிருந்து எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பவற்றைத் தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக் காட்டினால், தாளில் புரியாதவை உடனே புரியும். வண்டிகளைத் தடுப்பது போன்ற பெரிய மாற்றங்களை முதலில் சில மாலைகளுக்கு மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏற்கப்படாத யோசனைகளையும், ஏன் ஏற்கவில்லை என்பதையும் எழுதித் தெருவில் ஒட்டுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

முடிவுகளைச் சட்டப்படியான ஆவணத்தில் சேர்க்காவிட்டால் அவை ஆட்சி மாறும்போது காணாமல் போகும். தமிழ்நாட்டு ஊர்களில், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஊரின் நிலப் பயன்பாட்டையும் வளர்ச்சியையும் வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியிடப்பட்டதும், ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்தில் தரக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. தெருப்படத்தையும் தீர்மானங்களையும் பலரும் கையெழுத்திட்டு அப்போது அளிக்கலாம். நகரங்களில் வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையிலும், கிராமங்களில் கிராம சபையிலும் அவற்றைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம்.

தெரு சீரானபின் வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறத் தொடங்கும். சில வீடுகள் அப்படித்தான் பிழைக்கும் என்பதை ஏற்க வேண்டும். ஆயினும் வாடகை உயர்ந்து குடும்பங்கள் வெளியேறிவிட்டால், யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவர்கள் அங்கு இருக்கமாட்டார்கள். ஆகவே எத்தனை வீடுகள் வரை வணிகத்துக்கு மாறலாம் என்பதைத் தெருவினர் தொடக்கத்திலேயே பேசித் திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

பராமரிப்புக்கென்று ஒரு சிறு குழுவும் அப்போதே அமைய வேண்டும். புதுச்சேரியின் நகர மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடம் என்பதால் அதைப் பழைய வடிவில் மீண்டும் கட்டி 2021இல் திறக்க முடிந்தது. தனியார் வீட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, குழுவினர் ஒரு கொத்தனாரோடும் ஒரு தச்சரோடும் மாடிகளில் ஏறி, தண்ணீர் வடியும் தூம்புகளைச் சுத்தம் செய்து, தளத்து வெடிப்புகளையும் உத்திரத்தின் முனைகளையும் பார்த்து, பழுதுபார்க்க வேண்டியவற்றை அந்தந்த வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.