'சும்மாதான் குடிக்கிறேன்' என்பதற்குப் பின்னால் இருப்பதைக் கண்டறிவது எப்படி?

அளவுக்கு மீறிக் குடிக்கும் பல்கலைக்கழக மாணவரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் 'சும்மாதான்' என்ற பதிலே வரும். அந்தச் சொல்லுக்கு அடியில் கிடப்பதை அவரே கண்டுகொள்ளாதவரை எந்த அறிவுரையும் பலிக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எழுதினால் நினைவு தனக்கேற்ற கதையைக் கட்டிவிடும். ஆகவே முதல் வாய் அருந்துவதற்கு முன்பே எழுதுங்கள். 'இரவு 9 மணி. தேர்வு முடிவு வந்துவிட்டது. அறையில் தனியாக இருக்கிறேன். நெஞ்சு படபடக்கிறது. தூங்கினால் போதும்' என்ற அளவில் இருந்தால் போதுமானது.

பிறகு அக்குறிப்புகளை வகைப்படுத்துங்கள். உளவியலாளர் லின் கூப்பர் 1994இல் குடிப்பதற்கான நோக்கங்களை நான்காகப் பிரித்தார்: கூடிக் களிப்பது, கிளர்ச்சியைக் கூட்டுவது, மனவேதனையை மறப்பது, ஒதுக்கப்படாமல் இருப்பது. இவற்றுள் மூன்றாவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன். மது பதற்றத்தைச் சில மணி நேரம் அடக்கினாலும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, மறுநாள் அதே பதற்றத்தை இன்னும் கூர்மையாகத் திருப்பித் தருவதால், கை மீண்டும் கோப்பையைத் தேடுகிறது. உங்கள் குறிப்புகளில் இந்த வகை மிகுந்திருந்தால், குடியைக் குறைப்பதோடு நில்லாமல், அந்த வேதனையையே ஒரு மனநல ஆலோசகரிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஒதுக்கப்படுவோமோ என்ற அச்சம் மிகுந்திருந்தால், அடுத்த விருந்தில் சுற்றிலும் நிதானமாகப் பாருங்கள். கூச்சலிடுபவர் கண்ணில் படுகிறார். ஒரே கோப்பையை இரவு முழுவதும் கையில் வைத்திருப்பவர் படுவதில்லை. மற்றவர்களின் குடியை மாணவர்கள் மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பதை 1986 முதலான ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

எத்தனை கோப்பை என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனெனில் போதை ஏறியபின் மனம் எதிரில் இருப்பதை மட்டுமே பார்க்கும்.

குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அளவிடும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' (AUDIT) வினாத்தாளில் 10 கேள்விகள் உள்ளன. அவற்றுக்கு விடையளித்துப் பாருங்கள். மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். காலையில் குடிக்காதபோது கை நடுங்குவதும் வியர்ப்பதும் இருந்தால், தனியாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். வலிப்பு வரக்கூடும் என்பதால், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.