கருத்தரங்குக்குக் கிளம்பும் முன்பே வகுப்பை முடித்துவிடுங்கள்

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே கருத்தரங்குகளுக்கும் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. கட்டுரை ஏற்கப்பட்டதாக மெயில் வந்த அன்றே கால அட்டவணையைக் கையில் எடுங்கள். ஊரில் இல்லாத நாட்களில் உங்களுக்கு எந்தெந்த வகுப்பு என்று பார்த்து, அதே மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் சக ஆசிரியரோடு பீரியடை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தில் அவர் தன் பாடத்தை நடத்துவார். அவருடைய நேரத்தை நீங்கள் முந்தைய வாரமே எடுத்துவிடலாம். திரும்பி வந்து சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான் பாவம். எனக்கு அதற்கு மனசே வராது.

அப்புறம் டிக்கெட். முன்பு 120 நாட்களுக்கு முன்பே ரயிலில் முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாட்கள்தான். அந்தத் தேதியை போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். காலையில் வந்து சேரும் ரயில் என்றால், அன்றைக்கு முதல் பீரியட் மட்டும் வேண்டாம்.

பயணப்படிக்கான ரசீதுகளை வாங்கியவுடனே படம் எடுத்துவிடுங்கள். மெஷினில் வரும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும்.